பெப்ரவரியில் பிறந்த பத்தொன்பது குஞ்சுகள்

பெப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை ஏழரை மணிக்கு, கடலில் வலையை இறக்காமலே, அறுபத்தெட்டு உயிர்களைப் பிடித்தேன். அதில் பத்தொன்பது குஞ்சுகள்.

இதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. ஆனபடியால் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் விளங்காது. விஞ்ஞான ஆசிரியர் ஹோகனுக்கு விளங்காது. என் தோழி சுன்னிவாவுக்கு விளங்காது. ஒரே ஆபத்து அம்மா. அவர்தான் இந்த ஊரின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆசிரியை. இந்தக் கொப்பி அவர் கையில் சிக்கினால் முதலில் சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழைகளைத் திருத்துவார். பிறகுதான் என்னைத் திருத்துவார். எழுதி முடித்ததும் எனக்குச் சிறிதாகிவிட்ட பழைய பனிச் சப்பாத்துக்குள் இதைச் சுருட்டி வைப்பேன்.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது நோர்வேயின் வடக்கு முனையில், கிரோவிக் என்ற மீன்பிடி ஊரில். இந்தக் கரையோரத்தில் ஆறு பள்ளிக்கூடங்கள் சேர்ந்து கடலில் மிதக்கும் நுண்பிராணிகளை எண்ணுகின்றன. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சோடி. எங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சுன்னிவாவும் நானும். ஒவ்வொரு செவ்வாயும் பழைய இறங்குதுறையின் நுனிக்குப் போய், கூம்பு வலையை இருபது மீற்றர் ஆழத்துக்கு இறக்கி, மெல்ல இழுக்க வேண்டும். வலையின் அடியிலுள்ள போத்தலில் சேர்வதை மாலையில் நுண்நோக்கியில் எண்ணி அட்டவணையில் எழுதி, போத்தலை அலுமாரியில் வைக்க வேண்டும். எண்ண வேண்டியது துடுப்புக்காலி என்ற ஒரு பிராணி. அரிசிமணி அளவுதான். ஆனால் ஹெரிங் மீனும் கொட் மீன்குஞ்சும் அதைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன.

யூன் மாதம் வரை நல்ல பதிவேடு வைத்திருக்கும் சோடிக்கு ஆராய்ச்சிக் கப்பலில் ஒரு கிழமை, ஏழு நாள் பயணம். எனக்கு அந்தக் கப்பல் வேண்டாம். சுன்னிவாவுக்கு ஆறு வயதிலிருந்து வேறொன்றும் வேண்டாம். போன மாதம் பனிச்சறுக்கில் அவளுடைய கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அழுதது காலுக்காக இல்லை, வலைக்காக. "நீ படு. எல்லாம் நான் ஒருத்தியே பார்ப்பன்" என்று வீரம் பேசியது நான்தான்.

இன்று போனேன். உண்மையாகவே போனேன், இறங்குதுறையின் பாதி வரைக்கும். கயிறு உறைந்து கம்பி மாதிரி இருந்தது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

மாலையில் ஆய்வுகூடத்தில் வெறும் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எட்டு நிரல்கள்: குஞ்சு, முதலாம் நிலை, இரண்டாம் நிலை என்று ஐந்தாம் நிலை வரை, பிறகு பெண், ஆண். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. என் சட்டைப்பையில் பொங்கல் விழாவுக்குச் சாப்பாட்டுக் கோப்பை எண்ணுவதற்கு அம்மா எழுதித் தந்த துண்டு கிடந்தது. மழலையர் 19. முதலாம் வகுப்பு 4, இரண்டாம் வகுப்பு 3, மூன்று 5, நான்கு 2, ஐந்து 7. பெண்கள் 16. ஆண்கள் 12.

துடுப்புக்காலிக்கும் ஐந்து வகுப்பு, தமிழ்ப் பாடசாலைக்கும் ஐந்து வகுப்பு. நான் என்ன செய்ய? பார்த்து எழுதினேன்.

போத்தலையும் வெறுமையாக வைக்க முடியாது. நாளை வீட்டிலிருந்து ஒரு பிடி ரவை கொண்டுபோவேன்.

பெப்ரவரி 10

போகவில்லை. இறங்குதுறையில் ஒரு கடற்காகம் நின்றது. அதன் பார்வை சரியில்லை.

ரவையைத் தண்ணீரில் குலுக்கிப் பார்த்தால் அசல் துடுப்புக்காலி. ஹோகன் தூரத்திலிருந்து போத்தலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பெப்ரவரி 17

கையுறை ஈரம். ஈரக் கையுறையோடு கயிறு பிடித்தால் விரல் கழன்றுவிடும் என்று எங்கோ வாசித்திருக்கிறேன். இந்தக் கிழமைக்கு அம்மாவின் சனிக்கிழமை வரவுப் பதிவிலிருந்து எடுத்தேன். மழலையர் 14, ஏனென்றால் சின்னவர்களுக்குள் தடிமன் பரவுகிறது. பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார் 13, தகப்பன்மார் 8.

பெப்ரவரி 24

சுன்னிவா தொலைபேசி எடுத்தாள். அவள் பேசுவது நோர்வே மொழி. ஆனால் எனக்கு அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் காதில் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"ஏய் இலா, நீ எனக்கு உண்மையைச் சொல்லு."

"என்ன உண்மை?"

"உனக்கு அங்க குளிருதுதானே? ஒரு கிழமை கூட நீ முறைப்பாடு சொல்லேல்லை. நான் எண்டால் ஊரைக் கூட்டியிருப்பன்."

"பெரிசாக் குளிரேல்லை" என்றேன். அது உண்மை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சூடாக்கி நன்றாக வேலை செய்கிறது.

"நான் உனக்கு ஒரு கேக் கடன்" என்றாள். "இல்லை, ரெண்டு."

அவள் வைத்த பிறகு நான் சாப்பிடவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

மார்ச் 3

காற்று. போகவில்லை. ஆண்கள் 5.

மார்ச் 12, வியாழன்

நான் செத்தேன்.

கட்டிலில் கிடந்து சும்மா இருக்கத் தெரியாத சுன்னிவா எங்கள் அட்டவணையை ஆராய்ச்சி நிலையத்துக்கே அனுப்பிவிட்டாள். அங்கே இந்தத் திட்டத்தை நடத்துபவர் ராக்ன்ஹில் என்ற விஞ்ஞானி. இருபத்தைந்து வருடம் துடுப்புக்காலிகளோடு வாழ்ந்தவர். அவருடைய பதிலை ஹோகன் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார்.

அதிலிருந்து நான் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். இரண்டையும் பெப்ரவரி மூன்றாம் திகதிக்கு முன் கற்றிருக்க வேண்டும்.

முதலாவது: துடுப்புக்காலிகள் குளிர்காலத்தை ஆழ்கடலில் நித்திரையில் கழிக்கின்றன. ஐந்தாம் நிலையில், வயிற்றுக்குள் எண்ணெய்ப் பையோடு, சாப்பாடு தண்ணீர் இல்லாமல். பெப்ரவரி, மார்ச்சில்தான் விழித்து, வளர்ந்து, மேலே வருகின்றன. வெயில் ஏறி, கடலில் பாசி பூக்கும்போது முட்டை போடுகின்றன. குஞ்சு வருவது ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில். பெப்ரவரியில் இங்கே குஞ்சே இருக்க முடியாது. என்னிடம் பத்தொன்பது.

"குஞ்சு, பிள்ளை, குமர், தாய், தகப்பன் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில்" என்று ராக்ன்ஹில் எழுதியிருந்தார். "ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் போல. இப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதே இல்லை."

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். ஆண்கள்தான் முதலில் மேலே வருமாம். வந்த வேலை முடிந்ததும் செத்துவிடுமாம். மார்ச் நடுவில் ஆண் என்று ஒன்றைக் காண்பது அரிதாம். எங்கள் அட்டவணையில் ஆண்கள்: 12, 9, 8, 6, 5, 2. "இந்தச் சரிவு கச்சிதம். பதினான்கு வயதுப் பிள்ளைகளால் இதைக் கற்பனை செய்ய முடியாது. பதிவு நம்பத் தகுந்தது."

கற்பனை இல்லைத்தான். கொட் மீன் பருவம் தொடங்கிவிட்டது. எங்கள் அப்பாமார் எல்லாரும் மீன் ஆலையில் சனிக்கிழமையும் மேலதிக வேலை. தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவர ஆம்பிளை இல்லை.

வகுப்பு முழுவதும் எனக்குக் கை தட்டியது. கை தட்டும் சத்தம் இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 17

பிறந்த குஞ்சுகளை இனி என்ன செய்வது? ராக்ன்ஹில் அனுப்பிய குறிப்பின்படி, குஞ்சு பல தடவை தோல் உரித்து முதலாம் நிலைக்கு வர மூன்று நாலு கிழமை. என் பத்தொன்பதும் இப்போது முதலாம், இரண்டாம் வகுப்பில் இருக்க வேண்டும். இன்று முதன்முறையாக அம்மாவின் பதிவைப் பார்க்காமல், மழலையரை வகுப்பேற்றினேன். பரீட்சை வைக்கவில்லை.

பிறகு யோசித்தேன், கொன்றுவிட்டால் என்ன? குறிப்பு நிரலில் எழுதினேன்: "பெரிய ஹெரிங் கூட்டம் ஒன்று இறங்குதுறைப் பக்கம் வந்து போனது." ஹோகன் அதை வாசித்துவிட்டு, "எத்தனை மணிக்கு? எந்தத் திசை?" என்று கேட்டார். கொலை செய்வதற்கும் படிப்பு வேண்டும்.

மார்ச் 24

ஆய்வுகூட அலுமாரி மணக்கிறது. போத்தல்களுக்கு, உள்ளே இருப்பது கெடாமல் இருக்க, மருந்து விட நான் மறந்துவிட்டேன். அந்த மருந்தைத் தொட எனக்குப் பயம் என்பதும் ஒரு காரணம். ரவை ஊறி, ஊதி, புளித்து, இரண்டு போத்தல்களின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. எலி செத்திருக்கிறது என்று ஹோகன் முடிவு பண்ணி எல்லா மூலையிலும் தேடினார். நானும் சேர்ந்து தேடினேன்.

மார்ச் 31

சுன்னிவா ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். எனக்கு ஒரு கேக்கோடு. இன்னொன்று கப்பலில் வைத்து என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று பெற்றோர் கூட்டம். அப்பா வேலை, அம்மா வந்தார். அம்மாவுக்கு இந்த ஊரில் பிடிக்காதது, பிள்ளைகள் ஆசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. அவர் மட்டும் "சேர்" என்றுதான் சொல்வார். ஹோகன் அதற்கு ஒவ்வொரு முறையும் வெட்கப்படுவார்.

ஹோகன் எங்களை நேரே நடைவழிக்குக் கூட்டிப்போனார். அங்கே எங்கள் அட்டவணை கதவு அளவுக்குப் பெரிதாக அச்சடித்துத் தொங்கியது. மேலே என் பெயரும் சுன்னிவாவின் பெயரும்.

"உங்கட மகளால எங்கட கடலே புதுசா இருக்கு!" என்றார் ஹோகன். "பாருங்கோ, ஆம்பிளையள் எப்பிடிச் செத்துச் செத்துப் போச்சினம்!"

அம்மா கண்ணாடியை மாட்டினார். முதல் வரியைப் பார்த்தார். இரண்டாவது வரியைப் பார்த்தார். மூன்றாவது வரிக்கு வரும்போது அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. பிறகு மூக்கைச் சுருக்கி அலுமாரிப் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச ஆரும் தோசைக்குக் கரைச்சு வைச்சிருக்கினமோ?" என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் தபாற்கந்தோர் தாண்டும் வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

"மிதுஷாவுக்கு அண்டைக்குக் காய்ச்சல்" என்றார் திடீரென்று.

"என்னம்மா?"

"பொங்கல் விழாவுக்கு அவள் வரேல்லை. அஞ்சாம் வகுப்பில ஆறு பேர்தான் வந்தவை. நீ ஏழு எண்டு போட்டு வைச்சிருக்கிறாய்."

என் கால் நின்றுவிட்டது. அம்மா நிற்கவில்லை.

"பதினாறு பெம்பிளையள். அதுக்குள்ள நானும் நிக்கிறனோ?"

"ஓம்."

"எவ்வளவு நீளம் நான்?"

"மூண்டு மில்லிமீற்றர்."

"கொப்பர்?" என்று அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

"பொங்கலுக்கு நிண்டவர். பெப்ரவரி கடைசியில செத்துப்போனார்."

"சரி. இரவு வந்து சோறு கேப்பார், நீ சொல்லு." சிரிப்பு வந்ததா என்று பக்கவாட்டில் பார்த்தேன். வரவில்லை. "ரவை எத்தினை பக்கெற்?"

"ரெண்டு."

"விசரி. உப்புமாவுக்கு ரவையைக் காணேல்லை எண்டு நான் கொப்பரோட சண்டை பிடிச்சனான்."

வாசலில் திறப்பை எடுத்துக்கொண்டு கேட்டார்: "நீ ஏன் துறைக்குப் போகேல்லை?"

"கயிறு உறைஞ்சு போச்சு."

"பத்துக் கிழமையும் உறைஞ்சதோ?"

"ஓம்."

அம்மா என்னை நன்றாகப் பார்த்தார். "சரி, கயிறு" என்றார். பிறகு, "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனா அந்தப் பிள்ளை கால் முறிஞ்சு கிடந்துகொண்டு உன்ர எண்ணை நம்பிக் கப்பல் கனவு கண்டிருக்கு. அவளுக்கு நீ சொல்லுறியோ, இல்லாட்டி அந்த விஞ்ஞானி ரவையைத் திறந்து பாத்துச் சொல்லுறாவோ, அதை நீயே முடிவெடு."

கூட்டத்தில் ஹோகன் சொன்னபடி, ராக்ன்ஹில் செவ்வாய்க்கிழமை வருகிறார். போத்தல்களைப் பார்க்க.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்வதற்கு மூன்று வழிகளை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்ல பிள்ளையாக வருகிறேன். கிழித்துவிட்டேன்.

சொன்னால் சுன்னிவாவின் கப்பல் போய்விடும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எப்படியும் போய்விடும். ஆனால் சொல்லாமல் இருந்தால் இன்னும் இரண்டு நாளைக்கு அவள் என் தோழி.

அந்த இரண்டு நாளையும் எடுத்துக்கொண்டேன். இதை அம்மா வாசித்தால் வாசிக்கட்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

ராக்ன்ஹில் குள்ளமானவர். மீனவர் சப்பாத்துப் போட்டிருந்தார். ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டே ஆய்வுகூட மேசையில் வரைபடத்தை விரித்தார். ஹோகனும் சுன்னிவாவும் நானும் சுற்றி நின்றோம்.

"கப்பல் இந்த மாதம் தெற்கே போக இருந்தது. அதைத் திருப்பி உங்கட துறைக்குக் கொண்டு வாறன். அஞ்சு நாள், பன்னிரண்டு விஞ்ஞானிகள். இந்த முந்திப் பிறந்த குஞ்சுகள் எங்கயிருந்து வந்தது எண்டு பாக்க வேணும்."

சுன்னிவா ஊன்றுகோலில் தொங்கியபடி என் கையை நசுக்கினாள்.

"தமிழ் வகுப்பிலயிருந்து" என்றேன்.

"என்ன வகுப்பு?"

"அதுகள் குஞ்சுகள் இல்லை. மழலையர். எங்கட அம்மாவிட்டத் தமிழ் படிக்கிற பிள்ளையள். முதலாம் நிலை எண்டது முதலாம் வகுப்பு. நான் ஒரு நாளும் வலை இறக்கேல்லை. சுன்னிவாவுக்கு ஒண்டும் தெரியாது."

ஹோகன் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். ராக்ன்ஹில் ஆப்பிளைக் கீழே வைத்தார்.

"அப்ப ஆம்பிளையள்?"

"மீன் ஆலையில மேலதிக வேலை."

ராக்ன்ஹிலுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தார், கண்ணைத் துடைத்தார். நானும் தப்பிவிட்டேன் என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்தேன். அவர் உடனே நிறுத்திவிட்டார்.

"நீ சிரிக்காதை. உன்ர பொங்கல் சாப்பாட்டைத் தேடிப் பன்னிரண்டு பேர் கடலில அலைஞ்சிருப்பம். நான் இதை ரெண்டு நாட்டுக்கு அனுப்பிப்போட்டன். இண்டைக்கு இரவு இருந்து எல்லாருக்கும் கடிதம் எழுதவேணும்." பேனாவை எடுத்து என் கையில் தந்தார். "பத்து வரியையும் வெட்டு. ஒவ்வொண்டிலயும் 'எடுக்கவில்லை' எண்டு எழுது. முதல் நாளே இதை எழுதியிருந்தால் அது ஒரு குற்றமும் இல்லை."

எழுதினேன். பத்து முறை. கதவு அளவு அட்டவணையிலும் எழுதச் சொன்னார், எல்லாரும் பார்க்கும்படி.

"ஏன் போகேல்லை?" என்று ஹோகன் கேட்டார். கோபமாக இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கயிறு... பிறகு ஒரு காகம்... கையுறை..."

"அவளுக்குக் கடல் பயம்" என்றாள் சுன்னிவா.

அவள் என்னைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "மூண்டாம் வகுப்பு நீச்சலிலயே எனக்குத் தெரியும். தண்ணி இடுப்புக்கு வந்தால் கிளி மாதிரிக் கத்துவாள். நான் நினைச்சன், எனக்காகத் தன்ர பயத்தை விழுங்கிப்போட்டுப் போறாள் எண்டு. ஒவ்வொரு செவ்வாயும் கட்டிலில கிடந்து அதைத்தான் நினைச்சன்."

"சுன்னிவா..."

"என்னட்டச் சொல்லியிருந்தால் நான் தவண்டாவது வந்திருப்பன்."

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள். அதன் சத்தம் நடைவழி முழுவதும் கேட்டது.

ராக்ன்ஹில் போகும்போது ஒரு போத்தலைத் திறந்து முகர்ந்தார். "இதைச் சாப்பிடலாமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

எனக்குக் கடல் என்றால் பயம். இங்கே எழுதிவிட்டேன். சப்பாத்துக்குள் இருக்கட்டும்.

ஏப்ரல் 21

பதிவேடு போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் யூன் வரைக்கும் எடுக்கத்தான் வேண்டும் என்று ராக்ன்ஹில் கட்டளை.

ஏழரைக்குத் துறைக்குப் போனேன். சுன்னிவா ஏற்கெனவே நுனியில் நின்றாள். பேசாமல் கயிற்றின் ஒரு முனையை என் பக்கம் எறிந்தாள். நான் துறையின் நடுவில், மீன்பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். அவள் வலையை இறக்கினாள்.

ஆய்வுகூடத்தில் அவள் நுண்நோக்கியில் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன்.

"குஞ்சு, பூச்சியம். ஒண்டு, பூச்சியம். ரெண்டு, பூச்சியம்." இப்படியே போய், "பெண், முப்பத்தொண்டு. ஆண், ஒண்டு."

"அந்த ஒரு ஆண் பாவம்" என்றேன்.

அவள் என்னோடு எண்களில் மட்டும்தான் பேசுகிறாள்.

ஏப்ரல் 28

"கால் எப்பிடியிருக்கு?" என்று கேட்டேன்.

"பூச்சியம்" என்றாள்.

மே 5

இப்போது இரவு பதினொரு மணிக்கும் வெளியே வெளிச்சம். கைபேசி வேண்டாம். ஆனால் ஒளிந்து எழுதுவதுதான் பெரும்பாடு. யன்னல் வழியாக முழு ஊரும் என்னைப் பார்க்கிறது.

இன்று துறையில் நுனிக்குப் பத்து அடி வரை போனேன். தண்ணீர் கறுப்பாக இல்லை. ரசம் மாதிரிப் பழுப்பாக இருந்தது. பாசி பூத்துவிட்டது. வலை கனத்து வழுக்கிக்கொண்டு வந்தது.

சுன்னிவா நுண்நோக்கியில் கண்ணை வைத்தாள். நான் பேனாவோடு காத்திருந்தேன். எண் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"ஏய்" என்றாள். அது எண் இல்லை. "வந்து பார்."

பார்த்தேன். முதலில் பாசிச் சங்கிலிகள். அதற்குள் ஏதோ துடித்தது. முட்டை வடிவம், மூன்று சோடிக் கால், நெற்றி நடுவில் ஒற்றைச் சிவப்புக் கண். ஒரு துள்ளல், ஒரு ஓய்வு, ஒரு துள்ளல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு கண் பழகியதும் வட்டம் முழுவதும்.

மூன்று மாதமாக நான் குஞ்சு குஞ்சு என்று எழுதினேன். எப்படியிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்கள் மழலையர் வகுப்பில் ஒருவரும் இந்தச் சாயலில் இல்லை.

"எத்தினை?" என்று கேட்டேன்.

"நீ எண்ணு" என்றாள். "நான் எழுதுறன். நீ எழுதினால் எனக்கு நம்பிக்கை இல்லை."

இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். இரண்டாம் முறை இருநூற்று ஒன்பது வந்தது. அவள் இரண்டையும் எழுதி வைத்தாள்.

மே 26

இந்தக் கிழமை முதலாம் நிலை 88, இரண்டாம் நிலை 40, மூன்றாம் நிலை 6. ஒரே வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து மேல்வகுப்புக்குப் போகிற மாதிரிக் கூட்டம் வலப்பக்கம் நகர்கிறது. பின்னால் புதுக் குஞ்சுகள் குறைகின்றன. ஆண் இல்லை. தாய்மாரும் அநேகமாக முடிந்துவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பெத்ததுகள் பிள்ளையள் அஞ்சாம் வகுப்புக்கு வாறதைக் காணாதோ?" என்று கேட்டார். காணாது என்றேன். "வீட்டுப்பாடம் பாக்கிற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டினார்.

யூன் 9, செவ்வாய்

கப்பல், தெற்கே ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேருக்குக் கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்திருந்தது. சுன்னிவா அதை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், எட்டாவது முறை. "நிப்பாட்டு, மன்னிப்பு அடுத்த நிலைக்கு வளராது" என்றாள்.

இன்றுதான் கடைசி மாதிரி. வலையில் நாலாம், ஐந்தாம் நிலைகள். உடம்புக்குள் நீளமாக, கண்ணாடிக் குழாய் மாதிரி எண்ணெய்ப் பை. சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஐந்தாம் நிலையில் சில இப்போதே கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். கோடை முடிவதற்குள் எல்லாம் ஆழத்துக்குப் போய்ப் படுத்துவிடும்.

எண்ணி முடித்ததும் சுன்னிவா ஒரு படிவத்தை மேசையில் என் பக்கம் தள்ளினாள். அடுத்த வருடத்துக்கான விண்ணப்பம். இரண்டு பெயருக்கு இடம். ஒன்றை அவள் நிரப்பியிருந்தாள்.

"வேற ஆள் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன்.

"கிடைக்கும். ஆனா வேற ஆள் பொய் சொன்னால் எனக்குத் தெரியாது. நீ பொய் சொன்னால் உன்ர காது சிவக்கும். பெப்ரவரியில நான் உன்ர காதைப் பாக்கேல்லை, அதுதான் பிழை."

"இன்னும் கோபமோ?"

"ஓம். வருசம் முழுக்க இருக்கும். அதுக்குள்ள நீ ஒரு வேலை செய்யவேணும்." ஊர் நீச்சல் தடாகத்தின் கோடை அட்டவணையை எடுத்தாள். ஒரு வரியில் வட்டம் போட்டிருந்தாள். "ஆரம்பப் பிரிவு. நாளைக்கு நாலு மணி. உன்ர பேரைக் குடுத்திட்டன்."

"அது சின்னப் பிள்ளையளுக்கு!"

"உனக்குப் பழக்கமான கூட்டம்தானே."

படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

யூன் 10, புதன்

ஏழு வயதுப் பிள்ளைகள் பதினொரு பேர். பதினான்கு வயதில் ஒருத்தி. எல்லாருக்கும் கையில் காற்றுப் பை. சுன்னிவா தடாகத்தின் விளிம்பில், முறிந்த காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நான் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெடியன் பயந்துபோய் என் கையைப் பிடித்தான், அல்லது நான் அவனுடைய கையைப் பிடித்தேன்.

"ஒருக்கா" என்று கத்திச் சொல்லிவிட்டுச் சுன்னிவா கொப்பியில் கோடு போட்டாள்.

வகுப்பு முடியும்போது பதினேழு கோடுகள். பதினாறு என்று எழுதச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள்.